நாலரைக் கட்டைக்குக் கீழே

என் 1960ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் வரியில் ஒரு பொம்மைப் படகின் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றியது என்ற எண். இரண்டாவது வரியில் என் அக்காவுக்கு எங்கே அடி விழுந்தது என்ற விவரம். "10,900. இடது முழங்கை, முதுகு." "11,100. தோள்." இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கும் துணிவு எனக்கு வரப் பல வாரங்கள் பிடித்தன.

அக்காவின் கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு சைகோனிலிருந்து பென்ஷனோடு திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். படையில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்ததால் அவருக்கு எஞ்சின் என்றால் பித்து. ஒருமுறை பிரான்சுக்குப் போய்வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டீசல் எஞ்சினையும், வால்வு வைத்த ரேடியோப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தார். படகைத் தாமே இழைத்துச் செய்தார். கரையில் நின்று பெட்டியின் பொத்தானை அழுத்தினால் தண்ணீரில் ஓடும் படகு திரும்பும். எஞ்சினைக் கிளப்ப அதன் சக்கரத்தில் ஒரு முறுக்குக் கயிற்றைச் சுற்றிச் சுண்டி இழுக்க வேண்டும். அக்காவை அடித்ததும் அந்தக் கயிற்றால்தான்.

எஞ்சினோடு வந்த தாளில் அது 11,500 சுற்று சுற்றும் என்று அச்சிட்டிருந்தது. ஓடுகிற படகில் அதை எப்படிச் சரிபார்ப்பது? வழி சொன்னவன் நான். அப்போது நீதிமன்றத்தில் பதிவேடு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். அந்த எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். விநாடிக்கு எத்தனை வெடிப்போ அதுதான் அதன் சுருதி. அதே சுருதியை ஆர்மோனியத்தில் கண்டுபிடித்து, அதன் அதிர்வை அறுபதால் பெருக்கினால் சுற்று தெரிந்துவிடும். ஆர்மோனியத்தில் நாலு கட்டைச் சுருதி என்றால் சுற்று ஏறக்குறைய பத்தாயிரத்து ஐந்நூறு. நாலரை என்றால் பதினோராயிரத்து நூறு. ஐந்து என்றால் பதினோராயிரத்து எழுநூறைத் தாண்டும். ஓர் அட்டையில் அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.

சுருதி கண்டுபிடிக்க அக்கா இருந்தாள். கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் பாட்டுப் படித்தவள். புகுந்த வீட்டில் அவளுடைய ஆர்மோனியம் பரண்மேல் கிடந்தது. இதற்காக மட்டும் கீழே இறக்கப்பட்டது.

மார்ச் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் காலையில் குதிரை வண்டி பிடித்து ஊசுட்டேரிக்குப் போனோம். படகை நீரில் விடும் இடத்திலேயே அக்கா உட்காருவாள். படகு அவளிடமிருந்து புறப்பட்டுக் கரையோரமாக நேரே மதகை நோக்கிப் பாயும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைகளை மெல்லத் தொட்டுப் பார்ப்பாள்.

"சொல்லு," என்பார் மாமா.

"நாலரை. அதுக்கும் கொஞ்சம் கீழ."

"நல்லாக் கேளுடி."

"நல்லாத்தான் கேட்டேன். நாலரைக்குக் கீழதான்."

மாமாவின் நண்பர் ஒருவர் கூடவே வருவார். அவரும் சொல்தாதான், தொப்பை பெருத்த, வாய் ஓயாத மனிதர். "இன்னாப்பா இது? சைகோன்ல நம்ம தண்ணி லாரி இதவிட நல்லாப் பாடுமே," என்பார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஏரிக்கரையில் அவர் கை ஓங்கியதே இல்லை. அச்சிட்ட சுற்று வராத ஆத்திரமெல்லாம் வீட்டுக்குப் போனபின்.

ஒருமுறை தட்டிக் கேட்டேன். என் தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதி, "இது என் வூடு, மச்சான்," என்றார் நிதானமாக. காதோரம் மூன்று தையல். அதன்பின் நான் அக்காவிடம்தான் கெஞ்சினேன்.

"அரைக் கட்டை ஏத்திச் சொல்லிடேன்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்டா. காதுல வுழாதத எப்புடிச் சொல்றது?"

அவளை மாற்ற முடியாது என்று தெரிந்தபிறகு, அவள் உட்காரும் இடத்தை மாற்றினேன். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்து கேட்கும், தாண்டிப் போனதும் தாழ்ந்து கேட்கும் என்று பௌதிகப் புத்தகத்தில் படித்திருந்தேன். படகு விலகி ஓடும்போது அக்கா கேட்டது உண்மையைவிடத் தாழ்ந்த சுருதி. அவளை நோக்கி ஓடிவந்தால் உண்மையைவிட உயர்ந்தது கேட்கும். படகின் வேகத்துக்குக் கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் ஏறக்குறைய அரைக் கட்டை வித்தியாசம் வந்தது.

செப்டம்பர் முதல் ஞாயிறன்று, "மதகுகிட்ட நெழல் இருக்கு, அக்கா அங்க உக்காரட்டும்," என்றேன். மாமா மறுக்கவில்லை. படகு மதகை நோக்கிச் சீறிவந்தது. அக்கா கண்ணைத் திறந்தபோது அவள் முகத்திலேயே ஆச்சரியம் தெரிந்தது.

"அஞ்சுங்க. ஒரு மயிரிழைதான் கம்மி."

அட்டவணைப்படி 11,650. திரும்பும் வழியில் மாமா வண்டியை நிறுத்தி அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கினார். மூன்று மாதம் என் நாட்குறிப்பில் இரண்டாவது வரி இல்லை. அக்கா பொய் சொல்லவில்லை. அவள் கேட்டதைத்தான் சொன்னாள். நான் செய்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பரில் அந்த நண்பர் பிரான்சுக்குப் போய்த் திரும்பினார். பேனா அளவில் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். அதன் ஒரு முனையை எஞ்சின்மேல் அழுத்தி, மறுமுனையிலுள்ள மெல்லிய கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நீட்ட வேண்டும். எஞ்சினின் அதிர்வோடு கம்பி ஒத்துப்போகும் இடத்தில் அதன் நுனி விரிந்து ஆடும். அங்கே குழாயில் பொறித்திருக்கும் எண்தான் சுற்று. ஓடும் படகில் அதை அழுத்த முடியாது என்பதால், மதகுக்குப் பக்கத்தில் என்னைத் தொடையளவு தண்ணீரில் இறக்கி, எஞ்சின் ஓடும்போதே படகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் மாமா. அவரும் நண்பரும் கூடவே இறங்கினார்கள்; அக்கா ஆர்மோனியத்தோடு கரையில் இருந்தாள்.

படகை நகரவிடாமல் பிடித்தால் எஞ்சினுக்குச் சுமை கூடும், சுற்று குறையும். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அது நினைவுக்கு வந்தபோது படகு என் இரு கைகளுக்குள் உதறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுக்கு நாலு விரல் தள்ளிப் புரொப்பெல்லர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருந்தது.

நண்பர் குனிந்து படித்தார். "ஒம்போதாயிரத்து ஐந்நூறு." வயிறு குலுங்கச் சிரித்தார். "மீதி ரெண்டாயிரத்த வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியாப்பா? அண்ணியோட ஆர்மோனியத்துக்குள்ள இருக்கா பாரு!"

மாமாவும் சிரித்தார். சிரித்தபடியே கரையேறி, ரேடியோப் பெட்டியைப் புல்மேல் வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார். முதல் அடி அக்காவின் கன்னத்திலிருந்து கழுத்துவரை விழுந்தது.

"மூணு மாசமா என்னைக் கோமாளி ஆக்கியிருக்கே."

"கேட்டதத்தான் சொன்னேன்."

இரண்டாவது அடியைக் கையால் தடுத்தாள். விரல் மூட்டில் தோல் பிய்ந்தது. "கேட்டதத்தான் சொன்னேன்." மூன்றாவது அடியில் ஆர்மோனியத்தின்மேல் சரிந்தாள். நண்பரின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "வுடுப்பா, போதும்," என்று பின்னாலேயே கரையேறிக் கையை நீட்டியவர் அந்தக் கையிலேயே ஒன்று வாங்கிக்கொண்டு பின்வாங்கினார்.

"நான்தான் மாமா!" என்று கத்தினேன். "எடத்த மாத்தினது நான். படகு வரும்போது சத்தம் ஒசந்து கேக்கும், போவும்போது தாழ்ந்து கேக்கும். தெரிஞ்சேதான் இங்க உக்கார வெச்சேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது!"

மாமா தண்ணீருக்குள் இறங்கி வந்தார். முதல் குத்தில் என் உதடு கிழிந்தது. இரண்டாவதில் மூக்கிலிருந்து வந்த ரத்தம் படகின்மேல் சொட்டியது. கையை விட்டால் படகு போய்விடும், விடாவிட்டால் அடியைத் தடுக்க முடியாது. நான் பிடித்துக்கொண்டே நின்றேன். இன்றுவரை ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

கரையில் அக்கா எழுந்து நின்றாள். "வுடுடா அத," என்றாள்.

விட்டேன்.

படகின் மூக்கு மதகைப் பார்த்திருந்தது. மாமா ரேடியோப் பெட்டியை நோக்கி ஓடினார்; தண்ணீர் அவர் காலை இழுத்தது. மதகின் கருங்கல் சரிவில் படகு முழு வேகத்தில் ஏறியது. அடிப்பலகை பிளந்தது. புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் தள்ளுவதற்கு எதுவுமில்லாமல் எஞ்சின் வீறிட்டது. அதுவரை நான் கேட்டிராத சத்தம் அது. சில நொடிகளில் உள்ளே ஏதோ முறிந்து அது நின்றது.

"மேல் ஸ்தாயி ஒண்ணரை," என்றாள் அக்கா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. கணக்குப்படி அது பதினாறாயிரத்தைத் தாண்டும். மாமாவுக்குக் கேட்டிருக்கும்.

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஓடாத படகுக்காகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் எழுவதற்குள் நண்பர் எங்களிருவரையும் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டார்.

பாதி வழி போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "ரெண்டுல எதுடா நெஜம்?"

"ரெண்டும் இல்லக்கா. படகு உன்ன நேரா தாண்டற நொடியில கேக்கறதுதான் நெஜம்."

"அப்ப நடுவுல உக்கார வெச்சிருக்கலாமே."

"அப்பவும் பதினோராயிரத்து ஐந்நூறு வந்திருக்காது. அடிச்சிருப்பாரு."

"அடி எனக்குத்தானடா? எங்க உக்காரணும்னு என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

உதட்டுக் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் வண்டிக்காரர் வழக்கம்போல மாமாவின் வீட்டுப் பக்கம் திருப்பினார். அக்கா அவர் தோளைத் தட்டி, "முத்தியால்பேட்டைக்குப் போங்கண்ணே," என்றாள். அம்மாவும் நானும் இருந்த வீடு அங்கேதான்.

மறுநாள் மாமா வந்து கதவை உதைத்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் கீல் பெயர்ந்தது. தெருவில் நாலு பேர் கூடி அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலமே அக்கா தச்சரைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் கொண்டுவந்த கீலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பத்தாது, இதைவிடத் தடியாக வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தாள்.