குடிக்காத ஞானதாஸின் கணையம்

மறைமலைநகர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஞானதாஸ் ஒரு சொட்டு சாராயம் வாயில் வைத்தவனில்லை. கம்பெனி பஸ்ஸில் வருடக்கணக்காக அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், நம்பலாம். ஆனால் தொண்ணூற்று மூன்றில் வயிற்றுவலி வந்து, ஸ்கேனில் கணையத்துக்குள் கல் தெரிந்ததும், பார்த்த டாக்டரெல்லாம் தினமும் எவ்வளவு குடிப்பாய் என்றுதான் முதலில் கேட்டார்கள். குடிப்பதே இல்லை என்றால் ஒரு நமுட்டுச் சிரிப்பு. எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர்களையாவது விட்டுவிடலாம். கூடுவாஞ்சேரியில் இருந்த அவன் அக்கா சாராளை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவனையும் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தம்பியைக் குடியிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தெருவுக்கே கேட்கும்படி மன்றாடுவாள். பாசம்தான், பொய்யில்லை. ஆனால் வாராவாரம் ஆமென் சொன்ன கூட்டம் அவனைக் குடிகாரன் என்றே முடிவு கட்டிவிட்டது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான். அந்த ஆமெனைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இரண்டாயிரத்து நாலில், கணைய நோய் பரம்பரையாக வருகிறதா என்று ஆராயும் குழு ஒன்று அவனைத் தேடி வந்தது. குடிக்காமலே கணையம் கெட்டவர்கள் நம் பக்கம் உண்டு என்றார் அதிலிருந்த பெண் டாக்டர். ஞானதாஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களின் ரத்தமும் வேண்டும் என்றதால், அவன் மனைவி மார்கரெட் பிரியாணி செய்து எல்லோரையும் அழைத்தாள். அவனுக்கு மட்டும் செரிமான மாத்திரையும் ரசம் சாதமும். சாராளும் வந்தாள், தங்கள் குடும்ப ரத்தத்தில் குறையே இல்லை, எல்லாம் பாட்டிலின் வேலை என்று நிரூபிக்க.

சில மாதம் கழித்து டாக்டர் அக்கா தம்பி இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். துணைக்கு நானும் போயிருந்தேன். கணையத்தில் சுரக்கும் செரிமான நீர் கணையத்தையே அரித்துவிடாமல் காக்கும் ஒரு ஜீனில் ஞானதாஸுக்குப் பிசகு. நோய்க்கு அதுவும் ஒரு காரணம். அதே பிசகு சாராளுக்கும் இருந்தது. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லையாம்.

ஞானதாஸ் குதிக்கப்போகிறான் என்று பார்த்தேன். அவனோ அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு என்னையும் அழைத்தாள். அன்று கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தாள்.

"கர்த்தாவே, எந்தம்பி ஒருநாளும் குடிச்சதில்ல. நாந்தான் தப்பா சொல்லிகினு இருந்தேன். அவனுக்குக் கீற கோளாறு எனக்கும் கீது." பிறகு தம்பியைப் பார்த்தாள். "மன்னிச்சிடு நைனா."

இத்தனை வருடம் அங்கே வாயே திறக்காத ஞானதாஸ்தான் முதல் ஆமென் சொன்னான், தெருவுக்கே கேட்கும்படி.