செவ்வாய்க்கிழமைத் துடைப்பம்

எட்டாம் வகுப்போடு நின்றவன் கல்லூரிக்குள் போக வேண்டுமென்றால் வேலைக்காரனாகத்தான் போக முடியும். தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் அப்படித்தான் போனேன். அதற்கு முன் லாரியில் கிளீனர், ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இலை எடுப்பவன், அடுகோடி லேத் பட்டறையில் எடுபிடி. எங்கும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. கல்லூரியில் தினக்கூலி அட்டெண்டர். இரவில் பழைய லேத் பட்டறைப் பரணிலேயே படுத்துக்கொண்டேன். மழை பெய்தால் ஒழுகும், மற்றபடி குறையில்லை.

பழைய கட்டடத்து மாடி அறைகளைப் பெருக்குவதும், சாயந்திரம் மாணவர் சங்கங்களுக்குக் கோடி அறையைத் திறந்துவிடுவதும் என் வேலை. அந்த ஒரே அறையில் வியாழக்கிழமை பஜனை, வெள்ளிக்கிழமை ஜெபம், செவ்வாய்க்கிழமை பௌத்த மாணவர் சங்கம். பஜனைக்கு நாற்பது பேர் வருவார்கள். ஜெபத்துக்குக் கிடார் வரும். செவ்வாய்க்கிழமைக்கு ஏழே பேர். எல்லோரும் ஜோகுபாளையம், அல்சூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். காரியதரிசி பி.காம் இரண்டாம் வருஷம் படித்த ஒரு பெண். அப்பா ரயில் பெட்டி கழுவுகிறவர்.

முதல் செவ்வாய்க்கிழமை எனக்குக் கோபம் வந்தது. நான் பெருக்கி வைத்த அறையை அந்தப் பெண் மறுபடி பெருக்கினாள்.

“நான் பெருக்கினது சரியில்லையாம்மா?”

“நீங்க பெருக்கினது காலேஜுக்குண்ணா. இது எங்களுக்கு. இங்க வர்றவங்க முறை வச்சுப் பெருக்கணும். எங்க வீட்ல எல்லாரும் ஊருக்கே பெருக்கினவங்க. இங்க யாரா இருந்தாலும் தொடப்பத்தை எடுக்கணும், அதான் கணக்கு.”

பெருக்கி, பாய் விரித்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பத்து நிமிஷம் பேச்சில்லாமல் உட்காருவார்கள். அப்புறம் ஏதாவது படித்துச் சண்டை போடுவார்கள். நான் வாசலில் ஸ்டூலில் இருந்து கேட்பேன். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த அறையை நான் தொடவில்லை.

வருஷம் திரும்பியதும் ஆபீஸிலிருந்து எல்லாச் சங்கங்களின் விதிகளையும் கேட்டார்கள். இந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்னவென்றால், தங்கள் தெருவிலிருந்த பெரியவர்களின் பௌத்த சங்க விதிகளை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் காரியதரிசியைக் கூப்பிட்டனுப்பியபோது, ரிஜிஸ்டர் எடுத்துக்கொண்டு போன நானும் அங்கே நின்றேன்.

“ஏனம்மா, ‘உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் தோள் கொடுக்க வேண்டும்’னு எழுதியிருக்கே. பரீட்சைக்கு முன்னாடி எத்தனை பேர் சாகப் போறீங்க?”

அவள் முகம் சிவந்துவிட்டது. அவர் சிரித்து முடித்துவிட்டு வேறொரு வரியில் விரல் வைத்தார். பௌத்தர்கள் மட்டுமே சேரலாம் என்ற வரி.

“இது ஆகாது. யூனிவர்சிட்டி ரூல். காலேஜ் ரூம்ல நடக்கற சங்கம் மதம், ஜாதி பார்த்து யாரையும் வேண்டாம்னு சொல்லக்கூடாது. மெம்பருக்கும் அதே, காரியதரிசிக்கும் அதே. பஜனைக்காரங்க மாத்திட்டாங்க, ஜெபக்காரங்களும் மாத்திட்டாங்க. அடுத்த திங்கள்குள்ள மாத்திக் கொடு. இல்லன்னா ரூம் இல்ல.”

ரூல் நியாயமானதுதான். ஆனால் மாடிப்படியில் பஜனைக் குழுத் தலைவன் நின்றிருந்தான். வாயாடி. விஷயம் அவனுக்கு எப்படியோ போயிருந்தது.

“ஏம்மா காரியதரிசி, நாங்க இருபது பேர் உங்ககிட்ட சேர்ந்துடறோம். எலெக்‌ஷன் வரட்டும். அப்புறம் செவ்வாய்க்கிழமையும் பஜனைதான்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் ஏழு பேருக்கு எதிரே இருபது பேர் கை தூக்கினால் அது விளையாட்டில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்றவில்லை. கணக்கு நன்றாகப் போடும் ஒரு பையன், “ரூமே வேணாம், அல்சூர் ஏரிக்கரையில உக்காரலாம். நம்ம ஆளுங்க மட்டும் இருப்போம்” என்றான்.

“அப்ப வர்றவனை நிறுத்தி, ‘நீ யாரு, எந்த ஆளு’ன்னு கேப்பியா?” என்றாள் அவள். “அந்தக் கேள்வியை உன்னை எத்தனை பேர் கேட்டிருக்கான்? நல்லாவா இருந்துச்சு?”

பையன் பழைய விதித்தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

திங்கட்கிழமை புதுத்தாள் போனது. எந்த மாணவரும் சேரலாம். எந்த மாணவரும் பொறுப்புக்கு நிற்கலாம். ஓட்டுப் போடவும் பொறுப்பில் நிற்கவும் ஆறு கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும், ஒரு முறையாவது அறையைப் பெருக்கியிருக்க வேண்டும்.

சூப்பரின்டென்டென்ட் இரண்டு தரம் படித்தார்.

“பெருக்கறது உங்க மதமா?”

“இல்ல சார். ரூம் சுத்தம்.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரியா? உனக்கும்?”

“எனக்கும்தான் சார். இதுவரைக்கும் அதிகமாப் பெருக்கினது நான்தான்.”

அவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். ஸ்டாம்ப் விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஜனைக் குழுவிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். அவள் எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டாள், முறைப் பட்டியலில் சேர்த்தாள், பாயில் இடம் விட்டாள். பத்து நிமிஷ மௌனத்தில் நாலு பேர் இருமினார்கள். இரண்டாம் வாரம் ஆறு பேர். மூன்றாம் வாரம் தலைவனின் முறை. முன்கூட்டியே வந்து என் பக்கத்தில் நின்றான்.

“அண்ணா, நீ எப்படியும் பெருக்கறவன்தானே. என் முறையை நீயே பண்ணிடேன். டீ வாங்கித் தரேன்.”

“செவ்வாய்க்கிழமை எனக்குத் தொடப்பம் கிடையாது தம்பி” என்றேன்.

அவன் துடைப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போன் பண்ண வேண்டும் என்று கீழே போனவன் திரும்பி வரவில்லை. கூட வந்தவர்களும் மெல்ல மெல்ல நின்றார்கள். ஒருவனைத் தவிர. அவன் தருமபுரிப் பக்கத்து ஹாஸ்டல் பையன். வியாழக்கிழமை பஜனையில் தாளம் தட்டுவான், செவ்வாய்க்கிழமை இங்கே வந்து உட்காருவான். அவன் முறை வந்தபோது பெஞ்சுக்கு அடியில் குனிந்து, மூலையில் கிடந்த சாக்பீஸ் தூள்வரை வழித்து எடுத்தான். நானே அவ்வளவு செய்ததில்லை.

“இங்க எதுக்குப்பா வர்றே?” என்று கேட்டேன்.

“ஹாஸ்டல்ல பத்து நிமிஷம் சும்மா இருக்க முடியாதுண்ணா” என்றான்.

தேர்தல் அன்று எட்டுப் பேர் இருந்தார்கள். காரியதரிசியாக அவளே மறுபடி வந்தாள். துணைக் காரியதரிசிக்கு அவள் தருமபுரிப் பையன் பெயரைச் சொன்னாள்.

“அவன் வியாழக்கிழமையும் போறானே” என்றான் கணக்குப் பையன்.

“போகட்டும். ஆறு கூட்டம் வந்திருக்கானா?”

“வந்திருக்கான்.”

“பெருக்கினானா?”

கணக்குப் பையன் சுத்தமாக இருந்த தரையைப் பார்த்தான். முதலில் நாலு கை உயர்ந்தது. அப்புறம் இரண்டு. கடைசியாக அவனுடையது, முழங்கை மடங்கினபடி, அரைகுறையாக.

“நல்லா தூக்குடா, தோள் கொடுக்கிற மாதிரி” என்றாள் அவள். பழைய விதி எல்லோருக்கும் ஞாபகம் வந்து சிரித்துவிட்டார்கள். தருமபுரிப் பையனுக்கு மட்டும் புரியவில்லை. கணக்குப் பையன்தான் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னான்.

அந்தக் கோடையில் நான் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி ஆனேக்கல் போய்விட்டேன். புதிதாக வந்த அட்டெண்டரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: செவ்வாய்க்கிழமை கோடி அறையைத் திறந்துவிடு, பெருக்காதே.