அந்த மஞ்சள் கவுன்

போன சனிக்கிழமை, இங்கே நோர்வேயில், ரொம்சோஸில் ஒரு கூட்டம். கூட்டம் என்றால் நாலு பேர், ஒரு லேப்டாப், ஒரு ஃபிளாஸ்க் கோப்பி. அங்கேதான் நான் பிடிபட்டேன்.

பிடிக்கிற வேலையில் இருந்தவனே நான்தான்!

ஆப்பிரிக்கக் கிராமங்களில் சின்னச் சின்ன முயற்சிகள் செய்யும் குழுக்களையும், வெளிநாடுகளில் உதவ விரும்புகிறவர்களையும் சேர்த்துவைக்கிற சிறிய சங்கம் எங்களுடையது. வருகிற விண்ணப்பங்களைச் சலிப்பது என் பொறுப்பு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகப்படச் சொல்லித்தர வேண்டுமா? ஆங்கிலம் நன்றாக இருந்தால், யாரோ எழுதிக்கொடுத்தது என்பேன். மோசமாக இருந்தால், அக்கறையில்லை என்பேன்.

சில மாதங்களுக்கு முன் மலாவியிலிருந்து மூன்று விண்ணப்பங்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்கள், மூன்று பெண்கள் குழுக்கள். ஒன்று கோழி வளர்க்க, ஒன்று தையல் மெஷினுக்கு, ஒன்று சோளம் அரைக்கும் மில்லுக்கு. மூன்றிலும் தலைவியின் படம். மூன்றிலும் வெள்ளைப் பூப்போட்ட அதே மஞ்சள் கவுன்.

ஒரே பெண், மூன்று பெயர்! மூன்றையும் நிராகரித்தேன். மில்லுக்கு உதவத் தயாராக இருந்த ஹவுகெட்டோவில் வசிக்கும் ஒரு மூதாட்டிக்கும் — நோர்வேஜியர் — போன் போட்டு எச்சரித்தேன். அவர் நன்றி சொன்னார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை, எங்கள் குழுவிலுள்ள நிரோஜா — இங்கேயே பிறந்தவள், நர்ஸ் — அந்தப் படங்களைத் திரையில் வரிசையாக வைத்தாள்.

“மாமா, இதிலை எத்தினை பேர்?”

“ஒராள்தானே பிள்ளை.”

“கவுனை விடுங்கோ. முகத்தைப் பாருங்கோ.”

பார்த்தேன். ஒருத்திக்கு முன்பல் இல்லை. இன்னொருத்திக்கு என் வயதில் பாதி இருக்கும். மற்றவள்... சின்னப் பெண்.

“நேற்று வீடியோவிலை கதைச்சனான். மூண்டு பேரும் ஒண்டாத்தான் இருந்தவை. சந்தை நாளிலைதான் படம் எடுக்கிறவர் வாறவராம். நல்ல கவுன் ஒண்டுதானாம். மாத்தி மாத்திப் போட்டிருக்கினம்.”

என் நண்பன் சேவியர் கோப்பியோடு சிரித்தான். “வாத்தியார் இந்த வயசிலையும் கவுனைத்தான் பாத்திருக்கிறார்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோர்வே வந்த புதிதில், அகதி முகாமில் நாங்கள் ஐந்து பேர், ஒரே ஒரு தோல் ஜாக்கெட். ஐந்து பேரும் அதைப் போட்டுத்தான் ஊருக்குப் படம் அனுப்பினோம். பிறகு, வேலையிடத்தில் என்னையும் சேவியரையும் பெயர் மாற்றிக் கூப்பிட்ட வெள்ளையர்களை எத்தனை வருடம் திட்டியிருப்பேன்!

இதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். பாதர் மன்னித்துவிடுவார் — அதுதான் பிரச்சினை. அந்தப் பெண்கள் இன்னமும் சோளத்தைத் தலையில் சுமந்துகொண்டு தூரத்து மில்லுக்கு நடக்கிறார்கள்.

திங்கட்கிழமை மூதாட்டிக்குப் போன் செய்து என் தவறைச் சொன்னேன்.

“அன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்களே... இனி நான் எதை நம்புவது?”

நியாயம்தானே? சந்தேகத்தை ஊட்ட ஒரு போன் போதும். திரும்ப எடுக்க? புதுப் படம் பார்த்துவிட்டு யோசிப்பதாகச் சொன்னார்.

மில் குழுவின் தலைவி எஸ்தருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வெட்கத்தோடு, மூன்று பேரும் நிற்கிற மாதிரி ஒரு படமும் கேட்டேன். பதில் உடனே வந்தது.

“அனுப்புகிறோம் ஐயா. நீங்கள் நம்புவதற்கு, இன்னும் இரண்டு கவுன் இரவல் வாங்க வேண்டுமா?”