காகம் வராத திவசம்

அந்த வருடம் லண்டன் இல்ஃபோர்டுக்கு வசந்தம் வரப் பிந்திவிட்டது. பங்குனி பாதி போயும் அப்பா காலையில் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவின் செரி மரங்கள் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோல நின்றன. குளிரைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் அதனால் உண்மையிலேயே நொந்துபோனவர் எனக்குத் தெரிந்து ஒரே ஆள், என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கலியாணம் கட்டாதவர். எங்கள் வீட்டு மாடியில், கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத சின்ன அறையில் இருந்தார். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. போன கோடையில் யாரோ விற்ற பழைய கமரா ஒன்றை வாங்கி வந்தார். அதன் லென்ஸ் அம்மாவின் புட்டுக் குழலைவிட நீளம். அன்றிலிருந்து மனிதர்களைப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். பிறந்தநாள் வீடுகளில் யாராவது, "எங்களை ஒருக்கா எடுமன்" என்று கேட்டால், "இது மிருகங்களுக்கு உள்ள லென்ஸ்" என்பார். சொந்தக்காரர்கள் இதை அவ்வளவு நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்து நூலகத்தில் 'வசந்தத்தின் முதல் அடையாளங்கள்' என்று ஒரு படக் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். யாரும் ஒரு படம் கொடுக்கலாம். பரிசு கிரிசு ஒன்றுமில்லை, பெயரெழுதிச் சுவரில் மாட்டுவார்கள், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு அது போதும். இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவருடைய பெயர் எழுதி மாட்டியிருந்த ஒரே இடம் அவருடைய வேலைச் சட்டைதான். அதிலும் எழுத்துப் பிழை.

ஆனால் வசந்தம் வந்தால்தானே அதற்கு அடையாளம் இருக்கும். முன்வாசலில் ஒரு டாஃபடில் மொட்டு இருந்தது. மூன்று கிழமையாகச் சித்தப்பா அதன் முன்னால் குப்புறப் படுத்துப் படம் எடுத்தார். நானூறு படம் இருக்கும். நானூறிலும் அது வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "தம்பி, அதைக் கொஞ்சம் நிம்மதியா விடும். இப்பிடி முழுசிக்கொண்டு கிடந்தா அது எப்பிடிப் பூக்கும்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் கவனம் பின்தோட்டத்துக்குத் திரும்பியது. அங்கே வேலியில் ஒரு மரக்கூடு அறைந்து வைத்திருந்தார். ஒரு நாள் புளூ டிட் ஒன்று, தலையில் நீலத் தொப்பியும் நெஞ்சில் மஞ்சளுமாகப் பெருவிரல் அளவுக் குருவி, வந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வீடு பார்க்க வந்தவர்கள் சமையலறை சின்னன் என்று திரும்பிப் போவதுபோல அது போனதை நானும் பார்த்தேன். சித்தப்பா மட்டும் அது சாமான் எடுத்துக்கொண்டு குடிவரப்போகிறது என்று அடித்துச் சொன்னார். அது வராமல் இருப்பதற்குக் காரணம் காகங்களாம்.

காகங்களுக்குக் காரணம் அம்மா. அம்மா சனிக்கிழமை விரதகாரி. காகத்துக்குச் சோறு வைத்து, அது வந்து தின்ற பிறகுதான் தான் வாயில் வைப்பார். ஆகவே பின்தோட்டத்தில் நாங்கள் பழைய சாமான் போடும் ஷெட்டின் கூரை அந்தப் பகுதிக் காகங்களுக்கெல்லாம் தெரிந்த இடம். அம்மாவிடம் போய்க் காகத்தைக் கலைக்கப்போகிறேன் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. சித்தப்பா சொல்லவில்லை. செய்தார்.

எங்கள் ஆட்களின் வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு லாச்சி இருக்கும். அதற்குள் கனடா, டென்மார்க், சுவிஸ் என்று உலகமெல்லாம் நடந்த கலியாணங்களும், பெண்பிள்ளை பெரியவளானதற்கு மண்டபம் எடுத்துச் செய்த சாமத்திய வீடுகளும் டிவிடித் தட்டுகளாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். ஒருவரும் பார்ப்பதில்லை, எறியவும் மனம் வராது. திங்கட்கிழமை சித்தப்பா அதில் இருபதை எடுத்து, நூலில் கோத்து, வேலி நீளத்துக்குத் தொங்கவிட்டார். காற்றில் அவை சுழன்று மின்னுவதைக் கண்டால் காகம் கிட்ட வராதாம். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "படத்துக்கு வெளிச்சம் தெறிக்க வேணும் அண்ணி" என்று புளுகினார். அம்மாவுக்குக் கமரா விஷயம் ஒன்றும் தெரியாது. நம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமையே ஒரு காகமும் இல்லை. புளூ டிட்டும் இல்லை. இரண்டாவதைச் சித்தப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் மறந்த விஷயம் ஒன்று இருந்தது. அந்தச் சனிக்கிழமை அப்பப்பாவின் திவசம். அப்பாவும் கூடப்பிறந்தவர்களும் அவரை ஐயா என்றுதான் சொல்வார்கள். திவசம் திதி பார்த்து வருவது, ஆங்கிலக் கலண்டரில் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். சித்தப்பா போன வருடத் தேதியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நாள் கிடக்கிறது என்று இருந்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க இரவு ஷிப்ட். சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தவரை வடை வாசம் வாசலிலேயே பிடித்து நிறுத்தியது. முதலில் என்னைப் பார்த்தார். பிறகு பின்பக்க ஜன்னலைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனால் ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் ஐயர் இருந்தார். "குளிச்சிட்டு வந்து இரடா" என்று அப்பா சொல்ல, குளித்துவிட்டு வந்து இருந்தார்.

ஐயர் காரியத்தை முடித்துக்கொண்டு, அடுத்த வீடு ஈஸ்ட்ஹாமில் என்று ஓடிவிட்டார். லூயிஷாமிலிருந்து மாமியும் வேறு பத்துப் பன்னிரண்டு சொந்தக்காரரும் வந்திருந்தார்கள். மாமி அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அப்பப்பாவின் படத்துக்கு முன்னால் படையல் வைத்தோம். படம் என்றால், அவருடைய அடையாள அட்டையில் இருந்ததைப் பெருப்பித்தது. ஒரு காதும் சட்டைக் கொலரும் தெளிவு, மற்றதெல்லாம் புகை. அதன் பிறகு அப்பா வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சோறும் பருப்பும் நெய்யும் வடையும் வைத்த வாழையிலைத் துண்டை ஷெட் கூரையில் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டார்.

ஒன்றும் வரவில்லை. அப்பா இன்னும் பலமாகக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. ஒரு அணில் வந்தது, அதை அப்பா கைதட்டிக் கலைத்தார். அரை மணித்தியாலம் போனது. காகம் தொடாமல் வீட்டில் ஒருவரும் தொடக்கூடாது. உள்ளே ஐந்து கறி, பாயசம், ஒரு தட்டு வடை எல்லாம் ஆறிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போது பத்து வயது. வடையை மூன்று தரம் எண்ணிவிட்டேன்.

"மற்ற நாளிலை நான் கதவைத் திறக்க முந்தி வந்து நிக்குங்கள்" என்று அம்மா கையைப் பிசைந்தார்.

மாமி திறந்த ஜன்னலின் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். "ஊரிலை ஐயாவின்ரை செத்தவீட்டுக்குப் பிள்ளையள் நாங்கள் ஒருத்தரும் போகேல்லை. கொள்ளி வைச்சது பக்கத்து வீட்டுக்காரன். இப்ப வாற ஒரு பிடி சோறும் வேண்டாம் எண்டிட்டார். ஐயாவுக்குக் கோவம், அண்ணை" என்றார்.

அப்பா இலையையே பார்த்துக்கொண்டு குளிரில் வெறுங்காலுடன் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பசி கூடுதலாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போது காற்று ஒன்று அடித்தது. வேலியில் தொங்கிய தட்டு ஒன்று திரும்பி மாமிக்கு நேரே மின்னியது. மாமி கண்ணைச் சுருக்கினார். வெளியே போனார். அதைப் பிடித்து வாசித்தார். தன்னுடைய மூத்த மகளின் பெயர்.

"என்ரை பிள்ளையின்ரை சாமத்திய வீட்டை ஆர் இதிலை கட்டித் தூக்கினது?"

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் திருதிருவென்று முழித்தார். வெளிச்சம், தெறிப்பு என்று தொடங்கியவர் அப்பாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"காகம் வராமல் இருக்கத்தான் கட்டினனான், அண்ணை. குருவிக்காக. திவசம் வாற கிழமை எண்டு நினைச்சிட்டன்."

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். "எத்தினை நாளாத் தொங்குது?" என்று மட்டும் கேட்டார். ஆறு நாள் என்று கேட்டதும் தலையை ஆட்டினார். கோபம் ஐயாவுக்கு இல்லை, குற்றம் தட்டில் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு ஆறுதல் வந்ததோ என்னவோ. அம்மாதான் பல்லைக் கடித்துக்கொண்டு, "வெளிச்சம் தெறிக்கவோ, உமக்கு நான் தெறிக்கக் காட்டுறன்" என்றார். சித்தப்பா நூலை அறுத்து எல்லாவற்றையும் எடுத்தார். ஆனால் எடுத்துவிட்டோம் என்று காகங்களுக்கு யார் போய்ச் சொல்வது?

காகங்கள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தால் வரும்போது சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் அவை சிப்ஸ் பொறுக்குவதை ஒவ்வொரு நாளும் காண்கிறவள் நான். சொன்னேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் வாழையிலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அப்பா, பின்னால் தண்ணீர்ச் செம்புடன் அம்மா, பட்டுச் சேலைக்குமேல் கம்பளிக் கோட்டுடன் மாமி, கடைசியில் சித்தப்பா. கமராவைத் தொடக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்தார். அவர் ஜாக்கெட்டின் முன்பக்கம் புட்டுக் குழல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் கண்ணில் படக்கூடாதே என்று எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டுக்கொண்டே நான் போனேன்.

கார் பார்க்கில் 'பறவைகளுக்கு உணவு போடாதீர்கள்' என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே இருந்த குட்டிச் சுவர்தான் அப்பாவுக்குத் தோதாக இருந்தது. இலையை வைத்ததும் மஞ்சள் ஜாக்கெட் போட்ட காவலாளி ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். கிட்ட வந்ததும் வேட்டியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், நின்றார். அவர் ஒரு குஜராத்திக்காரர்.

"அப்பாவுக்கா, அம்மாவுக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்பாவுக்கு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் வந்த கார்களை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

முதலில் வந்தது ஒரு கடற்பறவை. எங்கள் ஊர்க் கோழி அளவு. மாமிக்குப் பசியில் கண் இருட்டியிருக்க வேண்டும். "வெள்ளைக்காரன்ரை நாட்டிலை காகமும் வெள்ளை எண்டு வைச்சுக்கொண்டா என்ன அண்ணை?" என்றார். அப்பா சம்மதிக்கவில்லை. காவலாளி தன் மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றி வீசி அதைக் கலைத்தார். காகம் ஒன்று விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கவில்லை.

சித்தப்பா முன்னால் போனார். கம்பத்தை அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் நிற்கிற ஆளுடன் கதைப்பதுபோலக் கதைத்தார். "ஐயா, நான்தான் கலைச்சனான். அண்ணையிலை கோவிக்காதையுங்கோ. அவர் காலமையிலையிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. வந்து சாப்பிடுங்கோ."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ட்ரொலி தள்ளிக்கொண்டு போன பெண் ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

காகம் இறங்கியது. சுவரில் மூன்று தத்துத் தத்தி, சோற்றை ஒரு கொத்துக் கொத்தி, வடையைக் கவ்வியது. மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அப்பா கைகூப்பினார். சித்தப்பாவின் ஜாக்கெட் திறந்தது. ஒரேயொரு கிளிக். பூக்காத மொட்டை நானூறு தரம் எடுத்த மனிதர் ஒன்றோடு கமராவை இறக்கிவிட்டு, காகம் பறந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பட்டரி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மணி நாலு. நான் ஏழு வடை தின்றேன். அம்மா சித்தப்பாவுக்கும் கோபத்தோடே பரிமாறினார், ஆனால் இரண்டு தரம் பாயசம் ஊற்றினார்.

கண்காட்சிக்கு அவர் அந்தக் காகத்தைத்தான் கொடுத்தார். சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் அப்பாவும் சித்தப்பாவும் நானும் நூலகத்துக்குப் போனோம். சுவர் முழுக்க ஒரே மாதிரிப் படங்கள், பனி, மொட்டை மரம், திறக்காத டாஃபடில். நடுவில் பலகைக்குக் கீழே வடையோடு எங்கள் காகம். பக்கத்தில் சித்தப்பாவின் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். அதற்குக் கீழே படத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. 'என் அப்பா, மதியச் சாப்பாட்டில்.'

பார்க்க வந்திருந்த இரண்டு கிழவிகள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா இவ்வளவு பகிடிக்காரர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்பா படத்துக்குக் கிட்டப் போனார். காகத்தின் அலகு, இறகு, கால் என்று ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா மெலிஞ்சு போனார்" என்றார்.

"குளிர்தானே அண்ணை" என்றார் சித்தப்பா.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நூலகப் பெண் உஷ் என்றாள். நிமிர்ந்து பார்த்தால் அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல பகிடியைச் சொல்லிவிட்டு ஏன் இப்படி மூஞ்சையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு அவர்கள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.