கால் வழியாக இறங்கிய வலி

என் மனைவி தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வரப் பிறந்தவள். எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்கள். விடிந்ததும் விடியாததுமாக யாராவது வந்து எங்கள் வாசலில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவள் முதுகில் மெல்ல மிதித்து அனுப்புவாள். காசு வாங்க மாட்டாள். முனகிக்கொண்டு வந்தவர்கள் கொஞ்ச நாளில் சைக்கிள் ஓட்டிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் வேன் ஓட்டிப் பிழைத்தவன். மரவள்ளிக் கிழங்கு லோடு. ஒருநாள் மூட்டை தூக்க ஆள் வரவில்லை என்று நானே குனிந்து தூக்கினேன். இடுப்பில் சுருக்கென்றது, அவ்வளவுதான். வேனிலிருந்து என்னைக் கைத்தாங்கலாக இறக்கி வீட்டில் விட்டார்கள்.

ஆஸ்பத்திரிப் பேச்சை யாருமே எடுக்கவில்லை. வைத்தியக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு எவன் பஸ் ஏறுவான்? அவள்தான் தயங்கினாள்.

"புருஷன் மேல எப்படிங்க கால் வெக்கறது? எனக்கு மனசு வரல."

"ஊரையே மிதிக்கற, எனக்கு மட்டும் என்னா?" என்றேன். என்னைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மிதித்தாள்.

இடுப்பு வலி குறைந்தது. ஆனால் பிட்டத்துக்கு வந்தது, அங்கிருந்து தொடைக்கு, கெண்டைக்காலுக்கு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பிடிப்பு என்பது உள்ளே மாட்டிக்கொண்ட வாயு, அது கீழே இறங்கி விரல் நுனி வழியாக வெளியே போய்விடும் என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. தினமும் காலையில், "எங்க வந்திருக்குதுங்க?" என்று கேட்பாள். "முட்டியத் தாண்டிருச்சு" என்பேன். பஸ் எந்த ஸ்டாப்பில் வருகிறது என்று விசாரிப்பது போல இருக்கும்.

ஒருநாள் வலியே இல்லை. இடது பாதம் மட்டும் மரத்துக் கிடந்தது. வலி போய்விட்டது என்று குலசாமிக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினோம். வழியில் என் செருப்பு கழன்று விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவள் அதை எடுத்துக்கொண்டு, "செருப்பு போனது கூடத் தெரியாம அப்படி என்னா நடைங்க!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தேய்த்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் சேலம் போனோம். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி வட்டு இருக்கிறது. அதன் வெளிச்சுற்று கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. நிறையப் பேருக்கு இது ஆபரேஷன் இல்லாமலே அடங்கிவிடுமாம். மாத்திரையும் பயிற்சியும் போதுமாம். எங்கள் வாசலில் படுத்து எழுந்தவர்கள் எப்படிக் குணமானார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

"ஆனா கால் மரத்து, பாதம் தொங்கினா அன்னைக்கே வரணும். வலி நின்னுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நெனைக்கக் கூடாது. நரம்பு செத்துக்கிட்டும் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

"நான் மிதிச்சதாலயா சார்?" என்று அவள் கேட்டாள்.

"வட்டு முன்னாடியே பிதுங்கியிருக்கும்மா. மிதிச்சதுல அதிகமாச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்த மனுஷன் உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் நடந்தது. நரம்புக்கு உயிர் திரும்ப மாதக்கணக்காகும், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கிளட்சில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவன் வேன் ஓட்ட முடியாது. விற்றுவிட்டோம். இன்னமும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறாள். ராங்கிக்காரி என்று தெருவில் பேசுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஆனால் எழுந்து போய்ச் சண்டை போடக் கால் இல்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் காட்டியபடி தினமும் என் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு, "தூக்குங்க" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கப் பார்ப்பேன். நெற்றி வியர்க்கும். விரல்கள் யாருடையதோ போலக் கிடக்கும். ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்று காலையில் நான் தூக்கப் பார்த்ததும், "அசஞ்சுதுங்க. பெருவெரலு. நான் பாத்தேன்" என்றாள்.

நானும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"ஆமா, அசஞ்சுது" என்றேன்.

"நீங்களும் பொய் சொல்றீங்களா?" என்று அவள் என் பாதத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.