பிரேக் அக்காவின் கால்

அவள் உட்கார்ந்து காய் நறுக்கும் நாற்காலிக்கு அடியில் கிடக்கும் மிதியடியில் ஓர் இடம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். மூன்று மிதியடி மாற்றியாயிற்று, மூன்றிலும் அதே இடம். தெருவில் ஏதாவது வண்டி வேகமாகத் திரும்பினால் போதும், அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டாலும் அழுத்தும். ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, ஊசி நெருங்க நெருங்க அந்தக் கால் காற்றிலேயே பிரேக் போட்டது. “இங்க பெடல் கிடையாதும்மா” என்றார் அவர். வீட்டில் யார் எதற்குப் பதறினாலும் இன்றுவரை அந்த வசனம்தான்.

இந்தக் கதை நடந்தபோது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பெடல்மேல் கால் வைத்தபடியே ஆயிரம் பேருக்குமேல் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தாள். ‘பிரேக் அக்கா’ என்று பெயர் வைத்தது அவர்கள்தான்.

கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் அவளுடைய கணவர்.

அவர் நூலகத்தின் புத்தக வண்டியில் உதவியாளர். ஊர் ஊராகப் போய் நிற்கும் அந்த வண்டியில் புத்தகங்களை ஏற்றி இறக்கி, அடுக்கி, பதினோரு வருடம் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவர். அந்த ஓட்டுநர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் வண்டி இவருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று டெஸ்டிலும் தோற்றிருந்தார். மூன்றிலும் ஒரே தவறு, நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நிற்பது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று கேட்டிருக்கிறோம், வாத்தியார் புருஷனுமா என்று கீழ்வீட்டு மாமா சிரித்தார். கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்று மட்டும் சாப்பாட்டில் கை சரியாக ஓடவில்லை.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன்னோடு ஓட்டும்போது கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அச்சடித்தாற்போல் நிற்கிற மனிதர், அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் ஏன் உருண்டு போகிறார்? பயம்தான் காரணம் என்று முடிவு கட்டி, இன்னும் நிறைய “பிரமாதம்” சொன்னாள்.

நான்காவது டெஸ்டுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்னால், காலி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பயிற்சி நடந்தது. முந்தின நாள் மழையில் காரின் கதவோரம் ஒழுகி, அவள் காலடி முழுக்கத் தண்ணீர். புதுச் செருப்பு வேறு. அதைக் கழற்றிவிட்டு, சீட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவர் கோட்டை நெருங்கினார். கோடு வந்தது, போனது. கார் பத்தடி தள்ளி, குலுங்கி நின்றது.

“நீ போடலியா?” என்றார்.

“எத?”

“பிரேக்க.”

அவள் தன் மடித்த காலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இத்தனை மாதமும் கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்தியது யார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

அன்று சாயங்காலம் மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் மகள். மனித மனத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்காமல் யோசித்தாள்.

“அம்மா, அப்பா மக்கு இல்ல. நல்லாவே கத்துக்கிட்டிருக்கார். சும்மா உட்கார்ந்திருந்தா கார் நிக்குது, பிரமாதம்னு பாராட்டும் வருது. அதனால சும்மா இருக்கக் கத்துக்கிட்டார்.”

மூளை எதிர்பார்த்ததைவிட நல்லது ஒன்று நடந்தால், அதற்குச் சற்று முன்னால் செய்த காரியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். எதிர்பார்த்ததே நடந்தால் அதற்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லையாம். சொல்லிவிட்டு, படித்ததைத் தான் சரியாகத்தான் சொல்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். “அப்ப என் கால்?” என்று அம்மா கேட்டாள். அதுவும் அப்படித்தானாம். இருபத்திரண்டு வருடமாக அழுத்திய ஒவ்வொரு தடவையும் மோதல் தப்பியிருக்கிறது; தப்பித்த நிம்மதிதான் அந்தக் காலுக்குக் கிடைத்த பரிசு.

மறுநாளிலிருந்து அவள் சம்மணம் கலைக்கவில்லை. பிரமாதத்தையும் நிறுத்திவிட்டாள். அவருக்கு ஹாரன் அடிப்பதென்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். பயிற்சிக் காரில் காரணமில்லாமல் அடிக்க அனுமதி கிடையாது. கோட்டுக்கு முன்னால் தானாக நின்றால் ஒரு ஹாரன் என்று பேச்சு. முதல் இரண்டு நாள் கிடங்குக் கூரையில் புறாக்கள் தங்கவில்லை. மூன்றாம் நாள், அலுவலகத்தில் முத்திரை குத்துவதுபோல் சுரத்தில்லாமல் அடித்தார். உடனே அவள் விதியை மாற்றினாள். நின்ற பிறகு சில நேரம் அடிக்கலாம் என்று தலையசைப்பாள், சில நேரம் சும்மா இருப்பாள். எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் ஒவ்வொரு கோட்டிலும் நின்று, அவள் முகத்தை ஆவலோடு பார்த்தார். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்தது.

“பாஸ் பண்ணிட்டா எனக்கு என்ன தருவ?”

“என்ன வேணும்?”

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பின் சீட்டுல கால அசைக்காம உட்கார்ந்து வரணும். நான் ஓட்டுறேன்னு நம்பி.”

“இவ்வளவுதானா?” என்றாள் அவள், பெரிய மனசோடு.

டெஸ்ட் அன்று அவள் வேலிக்கு வெளியே நின்றாள். கார் கோட்டை நோக்கி வந்தது. அவள் வலது கால் மண்ணில் குழி பறித்தது. கார் ஒரு சாண் முன்னால் அழகாக நின்றது. நின்றதோடு இருந்திருக்கலாம், கை பழக்கத்தில் நீளமாக ஒரு ஹாரனும் அடித்துவிட்டது. அதிகாரி முன்னால் பார்த்தார், ஈ காக்கை இல்லை. எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

“கூலி சார்” என்றாராம் இவர்.

அதிகாரி சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

அது நடந்து ஒன்பது வருடம். புத்தக வண்டி இன்றும் அவர் கையில்தான். விடுமுறை நாட்களில் பழைய கார் ஒன்றை இரவல் வாங்கி, அவளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவார். அவளும் கடனைத் தீர்த்துவிடும் உறுதியோடுதான் ஏறுவாள். பாட்டு முணுமுணுப்பாள், ஜன்னலில் வேடிக்கை பார்ப்பாள். முதல் வளைவு வரும். முன் சீட்டின் முதுகில் லேசாக ஓர் அழுத்தம் படும்.

அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “இங்க பெடல் கிடையாதும்மா” என்பார்.

“அடுத்த தடவை” என்பாள் அவள்.