புரட்டாசியில் மீன் சாப்பிடப் போனது

எங்கே சாப்பிடுவது என்ற சண்டையோடுதான் எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் தொடங்கும். என் மனைவி பிறந்ததிலிருந்து சைவம். நான் கடலூர்க்காரன், மீன் இல்லாத சோறு எனக்குப் பாதிச் சோறு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக எங்கள் அடுப்பில் மீன் ஏறியதில்லை. அதற்குச் சம்மதித்துத்தான் கட்டிக்கொண்டேன். ஆனால் வெளியூர் போனால் ஒரு வேளை அவள் சொல்லும் ஓட்டல், ஒரு வேளை நான் சொல்லும் ஓட்டல். என் வேளையில் அவள் எதிரே உட்கார்ந்து தயிர் சாதத்தைக் கிளறியபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் பள்ளி ஆசிரியை. போன காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் மரக்காணம் பக்கம் போனோம். உப்பளத்தைப் பார்த்தபடி ஒரு வீட்டின் மாடி, சின்னச் சமையலறையோடு வாடகைக்குக் கிடைத்தது. முதல் நாள் மதியம் என் வேளை. எங்கே நல்ல மீன் கிடைக்கும் என்று கழிமுகத்தில் படகு விடும் ஒருவரிடம் கேட்டேன்.

"ரோட்டு மேல இருக்குற ஓட்டலுக்கெல்லாம் போவாதீங்க சார். ஐஸ்ல வெச்சதத்தான் குடுப்பாங்க. தீவுல ஒரு அக்கா வறுத்துக் குடுக்குது, ஏறுங்க" என்றார்.

தீவு என்பது கழிமுகத்துக்கு நடுவே கிடக்கும் ஒரு மணல் திட்டு. படகில் பத்து நிமிஷம். திட்டின் மேல் ஒரு தார்ப்பாய்ப் பந்தல், விறகடுப்பு, பெரிய இரும்புக் கல். அடுப்பின் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. காலையில் கழியில் பிடித்த மடவை மீன்களை மசாலா தடவி வைத்திருந்தார். நான்கு துண்டு கல்லில் விழுந்ததும் என் மனைவி காற்று வரும் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் துண்டை வாயில் போட்டேன். மீன் அத்தனை புதுசு. உப்புதான் இல்லை. சுற்றிலும் உப்பளம், தட்டில் உப்பில்லை. சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அவரே கேட்டார்.

"உப்பு கம்மியா இருக்குதா சார்? தயங்காம சொல்லுங்க. நான் வாய்ல வெச்சுப் பாக்க மாட்டேன்."

"ஏன்?"

"புரட்டாசி இல்லீங்களா. மாசம் முழுக்க நான் கவுச்சி தொட மாட்டேன்."

என் மனைவி சட்டென்று திரும்பினாள். "நாள் முழுக்க மீன் வறுக்கிறீங்களே?"

"அது வேலைங்க. இது விரதம். ஏன், நீங்க சாப்புடலியா?"

"நான் சைவம்."

அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. பந்தல் மூலையிலிருந்து மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வந்தார். "வீட்லேர்ந்து எனக்குன்னு கொண்டாந்தது. காராமணிக் கொழம்பு, முருங்கக்கீர. மீன் பட்ட கரண்டி ஒண்ணும் இதுல படல. வாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா சாப்புடலாம். தெனமும் தனியாத்தான் சாப்புடுறேன்."

வெளியே தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பவள் என் மனைவி. அன்று கையைக் கழுவிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தூக்கின் மூடியில் அவளுக்குச் சோறு. எத்தனை பிள்ளைகள், முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய், காராமணியை எத்தனை நேரம் ஊறவைப்பது என்று பேச்சு நீண்டது. நான் தனியாக மீன் சாப்பிட்டேன். நடுநடுவே அடுத்த துண்டுக்கு உப்பு போதுமா என்று கேட்பார். நான் சொல்ல வேண்டும்.

இத்தனை வருஷமாக என் வேளைகளில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நான் யோசித்ததில்லை. அன்று கொஞ்சம் புரிந்தது. திரும்பும்போது படகில் அதைச் சொன்னேன்.

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்று சிரித்தாள். கோபம் இல்லை.

மறுநாள் எந்த வேளை யாருடையது என்ற பேச்சே எழவில்லை. காலையில் எழுந்து அந்தச் சின்னச் சமையலறையில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து டப்பாவில் அடைத்தாள். "அவங்களுக்கும் சேத்துத்தான்" என்றாள். படகுக்காரரும் அன்று தீவில் எங்களோடு சாப்பிட்டார். கிளம்பும்போது இரண்டு பெண்களும் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. உப்பளத்தில் குவித்திருந்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். இன்று தீவு இல்லை என்று நான் சோர்ந்திருந்தபோது மனைவியின் போன் அடித்தது.

"படகு ஓடாதுங்க. எங்க வூட்டுக்கு வந்துடுங்க. சாரையும் கூட்டிட்டு வாங்க."

குப்பத்தில் கடைசி வீடு. உள்ளே நுழைந்ததும் துளசி வாசனையும் நெய் வாசனையும்தான் வந்தன. புரட்டாசி சனிக்கிழமை என்பதால் வீடு முழுக்க நெற்றியில் நாமம். இலையில் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, சர்க்கரைப் பொங்கல். மீன் எங்கே இருக்கும்! என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கடலுக்குப் போய் வருகிற அந்த அக்காவின் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"மீனு எங்க சார் போயிடும், நாளைக்கும் கடல்லதான் இருக்கும். மொதல்ல வடைய சாப்புடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகமாகச் சிரித்தாள். நான் சாம்பாரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். மழை விடவில்லை, எங்களுக்கும் அவசரமில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒரு பாயை விரித்துப்போட்டார். ஓட்டில் விழும் மழைச் சத்தத்தில் அப்படியே தூங்கிப்போனேன். அடுப்படியில் பெண்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.